பச்சைக் கோரை

முடிச்சக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நண்டுக் கொட்டகையில் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் நிலைத்துவிட்டது. அவள் கட்டிய நண்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. லாரியில் போனாலும் சரி, விமானத்தில் போனாலும் சரி, போய்ச் சேர்ந்த இடத்தில் கத்தரி வைத்துத்தான் முடிச்சை எடுக்க வேண்டும். இவ்வளவு பெயர் வாங்கியவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மகன் வீட்டில், மானத்தைக் கப்பலேற்றினாள். அந்தக் கப்பல் திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரவில்லை என்பதால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கொட்டகைக்கு முன்பக்கம் தார்ச்சாலை. பின்கதவைத் திறந்தால் சதுப்பு. கடல் ஏறும்போது உப்புநீரும் மழை பெய்தால் நல்ல நீரும் மாறி மாறி வந்து நிற்கிற சேறு அது. அதில் வேறு எதுவும் உருப்படியாக வளர்வதில்லை. கோரை மட்டும் இடுப்பளவு, சில இடங்களில் தலையளவு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும். அதை யாரும் நட்டதுமில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை. அறுத்துவிட்டு வந்தால் அடுத்த மழைக்குள் அடிவேரிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். தண்டு முப்பட்டையாக இருப்பதால் விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது, தடக் தடக்கென்று புரளும். நுனியில் பழுப்பாக ஒரு கொத்துப் பூ. அதைப் பூ என்று சொன்னால் மற்ற பூக்கள் கோபித்துக்கொள்ளும்.

இந்தக் கோரையால்தான் நண்டு கட்டுகிறார்கள். கட்டாமல் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொடுக்கை ஒடித்துக்கொள்ளும். கொடுக்கில்லாத நண்டை யார் வாங்குவார்கள்? நைலான் கயிறு கால் இடுக்கை அறுத்துவிடும். கோரை அறுக்காது, அதோடு ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். முடிச்சக்கா நண்டின் முதுகை இடது காலால் மெல்ல அமுக்குவாள். ஒரு கொடுக்கை மடக்கி ஒரு சுற்று, அடுத்ததை மடக்கி ஒரு சுற்று, வயிற்றுக்கடியில் குறுக்கே வாங்கி முதுகில் முடிச்சு. என்ன நடந்தது என்று நண்டு யோசிப்பதற்குள் அது கூடையில் இருக்கும்.

அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலாளியம்மா சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு: பச்சைக் கோரையில் கட்டாதே. அறுத்த கோரையை வெயிலில் போட்டு வைக்கோல் நிறம் வரும்வரை காயவைக்க வேண்டும். பிறகு டிரம்மில் ஊறப்போட்டு, ஈரத்தோடு கட்ட வேண்டும். காய்ந்த கோரை இளைக்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே இளைத்துவிட்டது, இனி இளைக்காது. பச்சைத் தண்டு கட்டும்போது கொழுகொழுவென்று அழகாக உட்காரும். வெயில் பட்டதும் வாடி மெலிந்து, முடிச்சு தானாக நெகிழ்ந்துவிடும். இது கொட்டகையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

கோரை கொண்டுவருகிறவரைக் கோரைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, சேற்றிலேயே நின்று வெளுத்த பாதம், கேரியரில் பெரிய கட்டோடு ஒரு சைக்கிள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோலப் பேசுவார். தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் கல்யாண வயது போய்விட்டது என்பது அவர் சொல்லும் காரணம். யாரையும் கேட்கத் தைரியம் வரவில்லை என்பது உண்மையான காரணம். அவர் ஒவ்வொரு பெண்ணின் இருக்கைக்குப் பக்கத்திலும் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவார். முடிச்சக்காவின் பக்கத்தில் வைக்கிற கட்டு மட்டும் ஒரே நீளமாக, அடி நறுக்கி, ஒரு சொத்தைத் தண்டுகூட இல்லாமல் இருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அதுவும் பக்கத்து இருக்கையில் ரேடியோ இருக்கும்போது? ரேடியோ என்பது நண்டு கட்டும் இன்னொருத்தி. காலையில் வந்ததும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் பூட்டுப் போடும்போதுதான் நிற்பாள்.

"அக்கா, உன் கட்டுல ஒரு சொத்தைத் தண்டு இருக்கா பாரு. எனக்கு வர்றதெல்லாம் துடைப்பக்குச்சி."

"வயசுல மூத்தவளாச்சேன்னு மரியாதை குடுக்கறாரு."

"முதலாளியம்மா உன்னவிட மூத்தவங்கதானே? அவங்களுக்கு ஏன் இப்படி நறுக்கி வெக்கல?"

முடிச்சக்கா அடுத்த நண்டை எடுத்தாள். அன்றைக்கு அவள் காது சிவந்திருந்ததாக ரேடியோ ஒலிபரப்பினாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் உப்பங்கழி பொங்கிக் கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் முன்பக்கம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் பின்கதவுப் பெஞ்சில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு கோரைக் கட்டுகளைக் காவல் காத்தார்கள். வெகுநேரம் மழையைப் பார்த்தபிறகு கோரைக்காரர் சொன்னார்:

"என் வீட்ல ஒரு ஆளுக்குத்தான் பாத்திரம் இருக்கு."

"ம்."

"இன்னும் கொஞ்சம் வாங்கலாம்னு பாக்கறேன்."

முடிச்சக்காவுக்குப் புரிந்தது. எவ்வளவு அடக்கியும் கேட்காமல் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கலாம்," என்றாள். பிறகு, "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றாள். அவர் தலையாட்டினார். ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு பேசிவிட்ட களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் கணவன் காய்ச்சலில் போய்விட்டான். நல்ல மனிதன். அவன் போனபின் மகனே உலகம் என்றாகி, நண்டு கட்டியே அவனைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். இப்போது அவன் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக், கல்யாணமும் ஆகிவிட்டது. அப்பா மேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை. அவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? மகன் முகம் ஒரு நொடி கறுத்தாலும் போதும், இந்தப் பேச்சையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். ஆசை இல்லாமல் இல்லை. நிறைய ஆசை இருந்தது, அதனால்தான் அவ்வளவு பயம்.

முதல் தடவை போனபோது மகனுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சுகிறவனிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று விட்டுவிட்டாள். அடுத்த தடவை அவன் நல்ல சந்தோஷத்தில் இருந்தான். சந்தோஷத்தை ஏன் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அதற்கடுத்த தடவை அவனுக்கு ஜலதோஷமும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. சும்மா இருக்கிறவனை ஏன் சீண்டுவானேன் என்று திரும்பி வந்தாள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் கோரைக்காரர் கட்டை இறக்கிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்பார்: "பாத்திரம்?"

"கடை இன்னும் தெறக்கல," என்பாள் இவள்.

அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கோரை அறுத்தவருக்குப் பொறுமை சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சுவாக்கில் ஒருநாள் அவள் சொல்லியிருந்தாள்: "இத்தன வருஷமா கோரையிலதான் கை. எல்லாம் செத்த கோரை. பச்சையா எப்படி இருக்கும்னு கையில எடுத்துப் பாத்ததே இல்ல." சொன்னதையே மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தபோது, ஈரத்துண்டில் சுற்றிய ஒரு சின்னக் கட்டை அவள் கூடைமேல் வைத்தார்.

"நாளைக்கு மகன் வீட்டுக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"ரேடியோல."

அவள் துண்டைப் பிரித்தாள். இலைப் பச்சையும் இல்லாத, கிளிப் பச்சையும் இல்லாத, தண்ணீருக்குள் வெளிச்சம் விழுந்த மாதிரி ஒரு பச்சை. நுனியில் பழுப்புப் பூங்கொத்தை வெட்டாமல் விட்டிருந்தார். "பாக்கணும்னீங்களே," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மகனுக்காக ஆறு நண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். பக்கெட்டில் காய்ந்த கோரை முந்தின நாளே ஊறப்போட்டுத் தயாராக இருந்தது. மேசையில் பச்சைக் கோரை. கை பக்கெட்டுப் பக்கம் போய்த் திரும்பி மேசைப் பக்கம் வந்தது. ஆறு நண்டையும் பச்சைக் கோரையால் கட்டினாள். பூவை நறுக்கக்கூட இல்லை. ஒவ்வொரு நண்டின் முதுகிலும் முடிச்சோடு பூங்கொத்து நின்றது. புத்தி கெட்டுப்போய்ச் செய்தாளா என்று கேட்டால், அதற்கான பதிலைச் சாயங்காலம் அவளே சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை. "உனக்குக் கோரைக்காரரைத் தெரியும்தானே..." வேண்டாம். "எனக்கும் வயசாகுது..." அதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுவான். மகன் இருக்கும் கட்டடத்துக்கு வந்து பார்த்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா? நாலு மாடியும் நடந்தே ஏறினாள்.

கதவைத் திறந்த மருமகள் கூடையை வாங்கிப் பால்கனியில் வைத்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "என்ன அத்தை, நண்டுக்கெல்லாம் பூ வெச்சிருக்கீங்க?" என்றாள். "சும்மாதான்," என்றாள் முடிச்சக்கா. மருமகள் ஒருமுறை அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுக்கப் போனாள்.

மதியம் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். புரை ஏறினால் என்ன செய்வது? சாப்பிட்டபின் மகன் ஒரு தூக்கம் போட்டான். பால்கனியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டீ வந்தது. இனிமேலும் விட்டால் பஸ் போய்விடும். முடிச்சக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம்..."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பால்கனிக் கதவு வழியாக ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்து கூடத்துக்குள் வந்தது. முதுகில் பூங்கொத்து சரிந்து தொங்க, கொடுக்கு இரண்டையும் தூக்கிப்பிடித்துக்கொண்டு, வீடு பார்க்க வந்தவர் மாதிரி நின்று நிதானமாகப் பார்த்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"அம்மா, உன் நண்டு!" என்று கத்திக்கொண்டே மகன் சோபாமேல் ஏறினான். மருமகள் அதற்கு முன்பே சாப்பாட்டு மேசைமேல் இருந்தாள். ஒன்று செருப்பு ஸ்டாண்டுக்குள் புகுந்தது. ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் சுரண்டியது. பால்கனியில் மிஞ்சி நின்ற இரண்டு, காயப்போட்ட துண்டைப் பிடித்துத் தொங்கின. முடிச்சக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஒரு நிமிஷம்தான். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒன்றை முறத்தாலும் ஒன்றை மூடியாலும் அமுக்கினாள். துண்டோடு சேர்த்து இரண்டையும் சுருட்டினாள். செருப்புக்குள் போனது தானாகவே செருப்பைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. மருமகள் மேசைமேல் நின்று, "இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் அத்தை," என்று வழிகாட்டினாள்; சிரித்துச் சிரித்து அவளுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

கடைசி நண்டு படுக்கையறைக் கட்டிலுக்கடியில். மகன் குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தான். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னம்மா இது? ஒரு நண்டுகூட அவுந்ததில்லன்னு பெருமை அடிச்சுப்ப. ஆறும் அவுந்திருக்கு."

"ஆனைக்கும் அடி சறுக்கும்டா."

"இரு, கோரை கையில சிக்கிருச்சு." கட்டிலுக்கடியில் சத்தம் கொஞ்சம் நின்றது. நண்டு கட்டுகிறவள் பிள்ளை. கோரையைத் தொட்டால் தெரியாதா? "அம்மா, இது பச்சை."

முடிச்சக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பச்சையில கட்டக்கூடாதுன்னு நீதானே சின்ன வயசுல எனக்கே சொல்லிக்குடுத்த? யாரு குடுத்தா இத?"

"கோரைக்காரர்."

"அவரா? அவருக்கா தெரியாது? அவர் ஏன் பச்சையா குடுத்தாரு?"

இத்தனை நாளும் அவள் பயந்ததெல்லாம் மகன் முகத்துக்குத்தான். இப்போது அங்கே முகமே இல்லை, இரண்டு பாதங்கள்தான் இருந்தன. பாதம் கறுக்காது. முடிச்சக்கா அந்தப் பாதங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"கட்டறதுக்குக் குடுக்கலடா. பாக்கறதுக்குக் குடுத்தாரு. பூவோட."

பாதங்கள் அசையவில்லை.

"அவர் வீட்ல ஒரு ஆளுக்குத்தான் பாத்திரம் இருக்காம். இன்னும் வாங்கலாமான்னு கேக்கறாரு. உன்ன கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடலாம். உங்கப்பாவ நான் மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதே."

கூடத்தில் மருமகளின் சிரிப்பு நின்றிருந்தது. கட்டிலுக்கடியில் நண்டு தரையைச் சுரண்டியது.

"பச்சையில கட்டினா அவுந்துரும்னு தெரிஞ்சேதான் கட்டினியா?" என்றது மகன் குரல்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா?"

"என்னடா செய்வேன்? எனக்குப் பூவுன்னு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல. பச்சையா வீட்ல வெச்சுட்டு வரவும் மனசு வரல. கையில கோரை வந்தா எனக்கு நண்டு கட்ட மட்டும்தான்டா தெரியும்."

மகன் மெதுவாகப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தான். தலையெல்லாம் தூசி. ஒரு கையில் நண்டு; இன்னொரு கையின் விரலை அது பிடித்துக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"நண்டு கடிச்சிருச்சு," என்றான்.

"தெரியுது," என்றாள் முடிச்சக்கா. கொடுக்கை விரித்து அவன் விரலை விடுவித்தாள். அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கறுக்கவில்லை. தூசிக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தது.

"இத சொல்லத்தான் மாசக்கணக்கா வந்து வந்து போனியா? நான் என்ன லிஃப்ட்டுக்குள்ளயா மாட்டிக்கிட்டேன்? கூப்பிட்டா வரமாட்டேனா? அப்பா இருந்தவரைக்கும் உனக்குப் பாத்துப் பாத்துச் செஞ்சாரு. அப்புறம் நீதான் எல்லாருக்கும் செஞ்ச. உனக்கு ஒருத்தர் நறுக்கி வெச்சு ஒரு கட்டு குடுக்கறாருன்னா, நான் வேண்டாம்னு சொல்வேனா?"

முடிச்சக்கா அழுதுவிட்டாள். நெடுநாள் நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கினால் அழுகைதான் முதலில் வரும்.

"எனக்குப் போன தடவையே தெரியும்," என்றாள் வாசலில் நின்ற மருமகள். "உள்ள இருக்கறத பாக்கறதுதானே அத்தை என் வேல?" தரையில் கிடந்த கோரைத் தண்டுகளைப் பொறுக்கினாள். கசங்காத பூங்கொத்துகளாக எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து மேசை நடுவில் நிறுத்தினாள். "பூ குடுத்தா இப்படி வெக்கணும் அத்தை. நண்டு முதுகுல இல்ல." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு அலமாரியின் மேல்தட்டைத் துழாவினாள். "பாத்திரம்தானே? எங்க கல்யாணத்துக்கு வந்த குக்கர் மூணு இருக்கு. ரெண்டைப் பிரிக்கவே இல்ல."

அன்றைக்கு அவள் பஸ்ஸில் திரும்பும்போது, காலையில் நண்டு வந்த கூடையில் ஒரு குக்கர் உட்கார்ந்து வந்தது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் வேண்டும் என்றார். முடிச்சக்கா இருந்த சந்தோஷத்தில் அதற்கும் வாங்கியிருப்பாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை கொட்டகைக்குள் நுழைந்த ரேடியோ, முடிச்சக்காவின் இருக்கைக்குப் பக்கத்தில் குக்கர் இருப்பதைப் பார்த்தாள். காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆறு நண்டும் அவிழ்ந்த கதையையும் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பாங்க. ஆனா இந்த மாதிரி கல்யாணம் பேசி முடிக்கும்னு யாரும் சொல்லலையே!" முதலாளியம்மா மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "பச்சையிலயா கட்டின? நீயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவராலும் கடுமையைக் காப்பாற்ற முடியவில்லை.

பின்பக்கம் சைக்கிள் மணி கேட்டது. அன்றைக்குப் பார்த்து ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கொட்டகை அப்படி ஒரு அமைதியைக் கண்டதே இல்லை. கோரைக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாத்..." என்று ஆரம்பித்தவர், தரையில் குக்கரைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடை தெறந்துருச்சா?" என்றார்.

"தெறந்துருச்சு," என்றாள் முடிச்சக்கா.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்காகச் சைக்கிளை விட்டுவிட்டதால், அது அத்தனை கட்டோடும் சேற்றில் சாய்ந்தது. எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். வேண்டிய அளவுக்குக் காய்ந்த, நல்ல கோரை. முடிச்சக்கா ஒரு கட்டை அலசி டிரம்மில் போட்டுவிட்டு, நேற்று ஊறியதில் ஒரு தண்டை உருவி, அடுத்த நண்டின் முதுகில் கால் வைத்தாள்.